சுமை யார் தலையில்? வலைப்பக்க ஆக்கம் பற்றிய ஒரு விவாதம்

ஓர் எழுத்து எவ்வழியாக வாசகரைச் சென்றடைகிறது என்பது தொழில் தெரிந்தோர் மாத்திரம் தீர்மானிக்கும் விடயமன்று. ஏட்டிலிருந்தவை அச்சுக்கு வந்த காலத்தில் எவை அச்சேறின, என்ன விலைக்கு விற்கப்பட்டன, எவர் வாங்கி வாசித்தனர் என்பன இலக்கிய வரலாற்றின் வினாக்களாயின. அச்சிலிருந்தவை இணையத்துக்கு வரும் இக்காலத்தில் அதே வினாக்கள் மீண்டும் எழுகின்றன. ஆயின் அவற்றை எழுப்ப வேண்டிய கலைப்பீட மாணவராகிய நாம், 'அது கணினி படிப்போர் விடயம்' என்று கூறி ஒதுங்கிக் கொள்கிறோம். இவ்வொதுங்கலைக் கண்டிப்பது இக்கட்டுரையின் ஒரு நோக்கம். மற்றைய நோக்கம் இன்னும் குறிப்பானது. வலைப்பக்கமொன்றை வாசிக்கத்தக்க நிலையில் முழுமையாக ஆக்கி அனுப்பும் கடமை, அதனை வெளியிடுவோரின் வழங்கிக் கணினிக்கே உரியது; வேறு வழி இருக்கையில் அக்கடமையை வாசகரின் கைத்தொலைபேசி மீது சுமத்துவது அநீதியாகும். இதனை நிறுவுவதே என் முயற்சி.

முதலில் இவ்விவாதம் எழுந்த சந்தர்ப்பத்தைக் கூறிவிடுகிறேன். எமது சங்கத்தின் பழைய மலர்களை இணையத்தில் இடுவதென்று சென்ற ஆண்டு தீர்மானிக்கப்பட்டது. நண்பர் சிலர் ஊதியமின்றி, தம் விடுமுறையை இழந்து, மாதிரித் தளமொன்றை அமைத்தனர். அவர்தம் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது என் எண்ணமன்று. ஆனால் அத்தளத்தை விடுதி அறையில் எனது பழைய கைத்தொலைபேசியில் திறந்தபோது முதலில் வெள்ளைத் திரை தோன்றியது. பின்னர் சுழலும் வட்டமொன்று தோன்றியது. அதன் பின்னரும் அவ்வட்டமே நின்றது. அறைத்தோழர் தமது புதிய கைத்தொலைபேசியில் திறந்தார். சில கணங்களில் கட்டுரை வந்துவிட்டது. ஒரே தளம், ஒரே கட்டுரை, ஒரே சங்கத்தின் இரு உறுப்பினர். ஒருவருக்கு மலர் கிடைத்தது. மற்றவருக்கு வட்டம் கிடைத்தது. செயற்குழுக் கூட்டத்தில் இதனை நான் முறையிட்டபோது, 'தம்பி, போனை மாற்றும்' என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கூறினார். அச்சிரிப்புக்கு அன்று நான் மறுமொழி கூறவில்லை. இன்று கூறுகிறேன்.

1. வலையின் இயல்பு

ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் 1989 ஆம் ஆண்டு ரிம் பேர்னேர்ஸ்-லீ உலகளாவிய வலையை முன்மொழிந்தார். 1993 ஏப்பிரல் 30 ஆந் திகதி, அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என சேர்ன் அறிவித்தது. அதன் அடிப்படை மிக எளிது. வாசகரின் கணினியிலுள்ள உலாவி ஒரு முகவரியைக் கேட்கும். அம்முகவரிக்குரிய வழங்கி ஓர் ஆவணத்தை அனுப்பும். அவ்வாவணம் எச்.ரி.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதப்பட்டிருக்கும். இது தலைப்பு, இது பந்தி, இது இன்னோர் ஆவணத்துக்கான இணைப்பு என்று எழுத்துக்கு இடம் குறிப்பதே அம்மொழியின் பணி.

இவ்வமைப்பில் இரு பண்புகள் ஊன்றி நோக்கத்தக்கன. ஒன்று, ஆவணம் முழுவதும் வந்து முடியும்வரை உலாவி காத்திருப்பதில்லை. வந்தவரையில் வாசித்துக் காட்டத் தொடங்கிவிடும். மற்றொன்று, தான் அறியாத குறிச்சொல்லொன்றைக் கண்டால் உலாவி திகைத்து நின்றுவிடுவதில்லை. குறியைப் பொருட்படுத்தாது அதனுள்ளிருக்கும் எழுத்தைக் காட்டிவிடும். மெதுவான இணைப்பையும் பழைய கருவியையும் மன்னிக்கும் இயல்பு வலையின் பிறப்பிலேயே அமைந்தது என்பது இதனாற் பெறப்படும்.

பக்கங்கள் என்றும் மாறாதனவாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. தரவுத்தளத்திலிருந்து வேண்டியவற்றை எடுத்து, கேட்ட கணத்திலேயே ஆவணத்தை ஆக்கி அனுப்பும் முறை தொண்ணூறுகளிலேயே வழக்கிற்கு வந்தது. 1995 இல் வெளிவந்த பி.எச்.பி. போன்ற மொழிகள் இதற்கென்றே எழுந்தவை. இதுவே வழங்கிப்புற ஆக்கம் எனப்படுவது.

அதே 1995 ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக், பத்து நாட்களில் ஜாவாஸ்கிறிப்ற் மொழியின் முதல் வடிவத்தை ஆக்கினார். உலாவியின் உள்ளேயே இயங்கும் நிரல்மொழி இது. படிவமொன்றில் விடுபட்ட கட்டத்தைச் சுட்டிக்காட்டுவது போன்ற சிறு பணிகள் அதன் தொடக்க காலப் பணிகள். 2004 இல் ஜிமெயிலும் 2005 இல் கூகிள் வரைபடமும் வந்தபின், உலாவியினுள்ளே ஒரு முழுச் செயலியையே இயக்கலாம் என்பது தெளிவாயிற்று. வரைபடத்தை விரலால் இழுத்துப் பார்ப்பதற்கு அது தேவையே. அதனை எவரும் மறுக்கார். ஆனால் 2010 இல் அங்குலர் ஜே.எஸ். சட்டகமும், 2013 இல் பேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட றியாக்ற் நூலகமும் பரவிய பின்னர், வரைபடத்துக்குப் பொருந்திய முறை கட்டுரைக்கும், செய்திக்கும், கால அட்டவணைக்கும் பொதுமுறையாயிற்று. வழங்கி வெற்று ஓடொன்றை அனுப்பும். அவ்வோட்டினுள் எழுத்தில்லை, நிரற்கோப்புகளின் முகவரிகளே உண்டு. வாசகரின் கருவி அவற்றை இறக்கி, பகுத்து, இயக்கி, அதன் பின்னரே எழுத்துக்கான தரவை வழங்கியிடம் மறுமுறை கேட்டு, பெற்று, பக்கத்தைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும்.

பசித்து வந்தவருக்குச் சோற்றுப் பார்சலைக் கொடுப்பது ஒரு முறை. அரிசியையும் அடுப்பையும் விறகையும் கொடுத்து, சமையற் குறிப்பையும் நீட்டி, 'உங்கள் வீட்டில் ஆக்கிக் கொள்ளுங்கள்' என்பது இன்னொரு முறை. வீட்டில் நல்ல அடுப்புள்ளவருக்கு இரண்டும் ஒன்றே. மற்றவரின் கதி என்ன?

2. செலவு மறைந்துவிடுவதில்லை

பக்கத்தைக் கட்டும் வேலை எங்கோ ஓரிடத்தில் நடந்தே ஆக வேண்டும். வழங்கியில் நடந்தால், வெளியிடுபவர் ஒருமுறை செய்து பலருக்கும் கொடுக்கலாம். வாசகரிடம் நடந்தால், அதே வேலையை ஆயிரம் வாசகர் ஆயிரம் முறை தத்தம் மின்கலத்தையும் தரவுப் பொதியையும் நேரத்தையும் செலவிட்டுச் செய்ய வேண்டும். வெளியிடுபவரின் கணக்கேட்டில் செலவு குறைந்ததாகத் தோன்றும். உண்மையில் அது இடம்மாறியதேயன்றிக் குறையவில்லை. உற்பத்திச் செலவை நுகர்வோர் தலையில் ஏற்றிவிட்டு அதனை முன்னேற்றமென்று பெயரிடுவது பொருளியல் மாணவருக்குப் புதிய செய்தியாக இராது.

அளவுகளை நோக்குவோம். புதிய தொடர்பொன்று ஏற்பட்டதும், வாசகர் பக்கத்து மறுமொழிக்குக் காத்திராது வழங்கி முதற் தவணையில் அனுப்பும் பொதிகள் வழக்கமாகப் பத்து. அவை சேர்ந்து ஏறத்தாழ 14 கிலோபைற்று ஆகும். 2013 இல் வகுக்கப்பட்ட விதந்துரை இது. தமிழெழுத்து யுனிகோட்டின் பரவலான யு.ரி.எப்-8 வடிவத்தில் ஒரு குறியீட்டுக்கு 3 பைற்று இடம் பிடிக்கும்; 'தமிழ்' என்னும் சொல்லுக்கே 15 பைற்று வேண்டும். அவ்வாறிருந்தும், இக்கட்டுரையளவு நீண்ட எழுத்து சுருக்கமின்றி ஏறத்தாழ 60 கிலோபைற்று வரும். வழமைபோலச் சுருக்கி அனுப்பினால் நான்கிலொரு பங்கு அளவாகிவிடும். அதாவது முதற் தவணையிலேயே பெரும்பகுதி வந்துவிடும். வாசிப்பு உடனே தொடங்கிவிடும். மறுபுறம், றியாக்ற் நூலகமும் அதன் துணை நூலகமும் சுருக்கிய நிலையிலும் 40 கிலோபைற்றுக்குக் குறையா. எமது எழுத்தில் ஓரெழுத்தும் வந்துசேரும் முன்னர் கொடுக்க வேண்டிய விலை அது. இன்று ஒரு சராசரி வலைப்பக்கம் சுமந்து வரும் நிரலின் அளவோ 500 கிலோபைற்றைத் தாண்டிவிட்டது.

படமொன்றின் 100 கிலோபைற்றும் நிரலின் 100 கிலோபைற்றும் ஒன்றெனக் கருதுவதும் தவறு. படத்தை விரித்துக் காட்டினாற் போதும். நிரலைப் பகுக்கவும், இயந்திர மொழிக்கு மாற்றவும், இயக்கவும் வேண்டும். இவ்வேலையின் வேகம் கருவியின் விலையைப் பொறுத்தது. தளம் அமைப்பவர் புதிய மடிக்கணினியில், நல்ல இணைப்பில் அமர்ந்து பரீட்சித்துப் பார்க்கிறார். அவருக்குத் தாமதம் தோன்றுவதில்லை. தோன்றாத ஒன்றை அவர் இல்லாத ஒன்றாகக் கொண்டுவிடுகிறார்.

இந்நாட்டில் இது வெறும் ஊகமன்று. 2020 இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு விரிவுரைகள் இணையவழிக்கு மாறியபோது, குடும்பத்துக்கு ஒரு கைத்தொலைபேசி என்ற நிலையில் கற்றவர் எத்தனை பேர் என்பதை எமது அணியினர் அறிவர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய நாட்களில், கைத்தொலைபேசியின் எஞ்சிய மின்கலம் எத்துணை பெறுமதியுடையதாயிருந்தது என்பதையும் நாம் மறந்திருக்க முடியாது. அக்காலத்தில் ஒரு பக்கத்தைத் திறப்பதா, வீட்டாருடன் பேசுவதற்காக மின்கலத்தைச் சேமிப்பதா என்று தெரிவு செய்ய நேர்ந்தவர் பலர். நிரற் சுமை என்பது அவர்களுக்குக் கருத்தளவிலான பொருளன்று.

3. இரு சான்றுகள்

நான் கூறுவது பின்தங்கிய நாட்டவரின் முறைப்பாடு என்று ஒதுக்கப்படாதிருக்க, பெருந்தளங்களின் அனுபவம் இரண்டைக் காட்டுகிறேன்.

இன்று எக்ஸ் என வழங்கும் ருவிற்றர், 2010 செப்ரெம்பரில் அறிமுகம் செய்த புதிய தளத்தில் பக்க ஆக்கத்தை உலாவிக்கு மாற்றியது. இரு ஆண்டுகள் செல்லுமுன்னரே அந்நிறுவனத்தின் பொறியியலாளர் அம்முடிவை மீள்பரிசீலனை செய்தனர். பயனர் தம் முதற் பதிவைக் காண எடுக்கும் நேரத்தையே அவர்கள் அளவுகோலாகக் கொண்டனர். 2012 மே மாதத்தில், ஆக்கப்பணியை மீண்டும் வழங்கிக்குக் கொண்டுவந்ததையும், தொடக்கப் பக்கம் தோன்றும் நேரம் முன்னிருந்ததில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததையும் அறிவித்தனர். 2019 இல் அதே நிறுவனம் தன் தளத்தை மீண்டும் றியாக்ற் கொண்டு அமைத்ததும் உண்மையே. நாள் முழுதும் ஒருவரைத் தன் தளத்திலேயே இருத்தி வைப்பதை இலக்காகக் கொண்ட வணிக நிறுவனத்துக்குத் தொடக்கச் சுமை பொறுக்கத்தக்கதாகத் தோன்றலாம். ஒரு கட்டுரையை வாசித்துவிட்டுச் செல்லவரும் வாசகரைக் கொண்ட எமக்கு 2012 இன் பாடமே பொருந்தும்.

மற்றைய சான்று பிரித்தானிய அரசாங்கத்தின் எண்ணிமச் சேவைப் பிரிவு 2013 இல் வெளியிட்டது. அரசாங்கத் தளத்துக்கு வந்தோருள் எத்தனை பேருக்கு ஜாவாஸ்கிறிப்ற் இயங்கவில்லை என்று அவர்கள் அளந்தனர். விடை 1.1 சதவீதம்; அதாவது 93 பேரில் ஒருவர். இதில் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது, நிரலை வேண்டுமென்றே நிறுத்தி வைத்தோரும் அதனை ஏற்காத உலாவி உடையோரும் 0.2 சதவீதத்தினரே என்பது. எஞ்சிய 0.9 சதவீதத்தினர் நிரல் இயங்கக்கூடிய கருவியை வைத்திருந்தும் அது அவர்களைச் சென்றடையவில்லை. இணைப்பு இடையில் அறுந்திருக்கலாம். அலுவலக வலையமைப்பு தடுத்திருக்கலாம். பக்கம் முழுதும் வருமுன் பொறுமை இழந்திருக்கலாம். 'இக்காலத்தில் யாரிடம் ஜாவாஸ்கிறிப்ற் இல்லை?' என்று வினவுவோர், கருவியில் வசதி இருப்பதும் அவ்வேளையில் நிரல் வந்துசேர்வதும் வெவ்வேறு என்பதை மறந்துவிடுகின்றனர். பிரித்தானியாவின் இணைப்பிலேயே நிலை இதுவாயின், எமது நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

4. எதிர்வாதங்கள்

எதிர்த்தரப்பு நண்பர்கள் கூறும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, வழங்கியில் ஆக்கினால் வழங்கிக்குச் செலவு கூடும் என்பர். நாள்தோறும் மாறும் தளங்களுக்கு இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பல்லாண்டுகளுக்கு முன் அச்சான மலரின் கட்டுரை நாளை மாறப்போவதில்லை. அதனை ஒருமுறை முழு ஆவணமாக ஆக்கி வைத்துவிட்டால், கேட்கும்போதெல்லாம் அக்கோப்பை எடுத்து நீட்டினாற் போதும். இதைவிட மலிவான முறை வேறில்லை.

இரண்டாவது, இன்றைய சட்டகங்களும் வழங்கிப்புற ஆக்கத்தைச் செய்கின்றனவே என்பர். செய்கின்றன, இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் பெரும்பாலும் நிகழ்வது யாது? வழங்கி முழுப்பக்கத்தை அனுப்புகிறது. அதே பக்கத்தின் தரவை இரண்டாம் முறையாகவும், அதனைக் கட்டும் நிரல் முழுவதையும் மூன்றாவதாகவும் அனுப்புகிறது. உலாவி அந்நிரலை இயக்கி, ஏலவே கட்டப்பட்ட பக்கத்தை மனத்தளவில் மீண்டும் கட்டிப்பார்த்துப் பொத்தான்களுக்கு உயிர் கொடுக்கிறது. 'நீரூட்டல்' என்னும் பொருள்பட ஆங்கிலத்திற் பெயரிட்டுள்ளனர். நீரூட்டி முடியும்வரை பக்கம் கண்ணுக்குத் தெரியும்; பொத்தானை அழுத்தினால் அசையாது. சோற்றையும் கொடுத்து அரிசி மூட்டையையும் தலையில் ஏற்றும் முறை இது. அசைய வேண்டிய சிறு பகுதிகளுக்கு மாத்திரம் நிரல் அனுப்பி, எஞ்சியதைத் தூய ஆவணமாக விடும் 'தீவு' அமைப்புகள் அண்மைக் காலத்தில் எழுந்ததே, இக்குறையை அத்துறையினரும் உணர்ந்துள்ளனர் என்பதற்குச் சான்று.

மூன்றாவது, தொழிற்சந்தை கேட்பது றியாக்ற். அதனைப் பழகினால் எமக்கு வேலை கிடைக்கும் என்பர். இவ்வாதத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். பட்டம் பெற்றபின் வேலையின்றி நிற்பதன் துயரைக் கலைப்பீட மாணவரைவிட அறிந்தோர் எவர்? ஆனால் ஒருவர் தொழில் பழகுவதற்கான களமாக மற்றவரின் தரவுப் பொதியைப் பயன்படுத்தலாகாது. பழகுவதற்கு வேறு களங்கள் உண்டு. அன்றியும், எச்.ரி.எம்.எல்.லும் உலாவியின் அடிப்படையும் தெரிந்தவர் எச்சட்டகத்தையும் விரைவிற் கற்றுக்கொள்வர்; ஒரு சட்டகம் மாத்திரம் தெரிந்தவர் அது வழக்கொழியும் போது தாமும் தடுமாறுவர்.

நான்காவது எதிர்வாதமே கனமானது. ஒரு தளத்தில் ஒரே உறுப்பு பல இடங்களில் வரும். ஒவ்வோரிடத்திலும் தனித்தனியே எழுதினால் திருத்துவது கடினம். ஆகவே அவற்றைக் கூறுகளாக்கி, ஓரிடத்தில் எழுதிப் பல இடத்தில் பயன்படுத்த வேண்டும். அதற்குச் சட்டகம் வேண்டும் என்பர். முதல் மூன்று கூற்றுகளும் சரி. முடிபு மாத்திரம் தவறு.

5. மூலமும் உரையும்

கூறுகளை ஆக்கும் வசதி இன்று உலாவியிலேயே உண்டு. வலைக்கூறு எனப்படும் இக்கருத்தை 2011 இல் அலெக்ஸ் ரசல் முன்வைத்தார். தன்விருப்பக் குறிச்சொல், நிழல் மரம், வார்ப்பு ஆகியன அதன் உறுப்புகள். நாமே ஒரு குறிச்சொல்லுக்குப் பெயரிட்டு, அது நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சிறு நிரலால் வகுக்கலாம். பெயரின் இடையே ஒரு சிறுகோடு இருத்தல் வேண்டும் என்பது விதி. 2018 இல் பயர்பொக்சும் 2020 தொடக்கத்தில் எட்ஜும் ஏற்றுக்கொண்டதோடு முக்கிய உலாவிகள் யாவற்றிலும் இவ்வசதி நிலைபெற்றது. இதற்கென எந்நூலகத்தையும் இறக்க வேண்டியதில்லை.

ஒரு குறை நெடுங்காலம் இருந்தது. கூறின் உள்ளமைப்பையும் அதன் அலங்காரத்தையும் பக்கத்தின் ஏனைய பகுதியிலிருந்து பிரித்து வைக்கும் நிழல் மரத்தை நிரலால் மாத்திரமே உருவாக்க முடிந்தது. ஆகவே வழங்கியில் அதனை ஆக்கி அனுப்ப வழியிருக்கவில்லை. வார்ப்புக் குறிச்சொல்லோடு ஒரு பண்பைச் சேர்த்து, நிழல் மரத்தையும் ஆவணத்திலேயே எழுதியனுப்பும் முறை 2023 மார்ச்சில் குரோமிலும் சபாரியிலும் நியம வடிவில் இடம்பெற்றது. 2024 பெப்ருவரியில் பயர்பொக்சும் அதனை ஏற்றது. எனவே 'கூறுகள் வேண்டுமாயின் உலாவியிலேயே கட்டவேண்டும்' என்ற வாதத்தின் கடைசித் தூணும் வீழ்ந்துவிட்டது.

பெரும்பாலான வேளைகளில் நிழல் மரமும் தேவைப்படாது. நிரலாளர் தம் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிற்ஹப் தளம் நெடுங்காலமாகப் பக்கங்களை வழங்கியில் ஆக்கி, சிறு வலைக்கூறுகளை மேலே சேர்த்து வந்தது. (பிற்காலத்தில் அதன் சில பகுதிகளில் றியாக்ற் புகுந்தமை வேறு கதை.) அவற்றுள் ஒன்று, ஒரு திகதியை 'மூன்று நாட்களுக்கு முன்' என்பது போல மாற்றிக் காட்டும் கூறு. வழங்கி அனுப்பும் ஆவணத்தில் அக்குறிச்சொல்லின் உள்ளே முழுத் திகதியும் எழுதப்பட்டிருக்கும். நிரல் வந்தால் 'மூன்று நாட்களுக்கு முன்' என்று மாறும். வராவிட்டால், அறியாத குறியை விடுத்து எழுத்தைக் காட்டும் இயல்பால், உலாவி திகதியையே காட்டும். வாசகர் இழப்பது வசதியை, செய்தியை அன்று.

தமிழ் மாணவருக்கு இது புதிய தத்துவமா? மூலமும் உரையும் என்று நாம் கற்றது இதுவேயன்றோ? செய்யுள் தன்னளவில் முழுமையாக நிற்கிறது. உரை அதனை விளக்கி, ஒளியூட்டி, வாசிப்பை இலகுவாக்குகிறது. உரை எழுதிய ஏடு செல்லரித்துப் போனாலும் மூலம் எஞ்சினால் நூல் எஞ்சியது. உரை கிடைத்தாலன்றி மூலத்தின் ஓரெழுத்தும் கண்ணுக்குப் புலப்படாது என்றொரு நூலை எவரும் இயற்றவில்லை. வெற்று ஓட்டை அனுப்பும் தளம் அத்தகைய நூல். 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை, சிதைந்த ஏடுகளோடு தாம் போராடிய பின்னரே அச்சிட்ட புத்தகத்தை வாசகர் கையிற் கொடுத்தார். ஏட்டுக்கட்டை வாசகரிடம் கொடுத்து, 'பாடத்தை நீரே தேர்ந்துகொள்ளும்' என்று அவர் கூறவில்லை. பதிப்பாசிரியரின் கடமை என்பது அது.

பேணிக்காத்தல் பற்றியும் ஒரு வார்த்தை. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் மீடியாவிக்கி என்னும் மென்பொருளில் இயங்குகின்றன. அது பக்கங்களை வழங்கியிலேயே ஆக்கி அனுப்புவது. பழைய கைத்தொலைபேசியிலும் அவை திறப்பது தற்செயலன்று. தேடுபொறிக்கும் இணைய ஆவணக் காப்பகங்களுக்கும் முழு ஆவணத்தைச் சேமிப்பது எளிது. நிரல் இயங்கி, பிறிதோர் வழங்கியிடம் தரவைக் கேட்டுக் கட்டும் பக்கத்தைச் சேமிப்பது கடினம். அவ்வழங்கி நிறுத்தப்படும் நாளில் சேமித்த பிரதியிலும் வெள்ளைத் திரையே எஞ்சும். எழுத்து அழிவதன் வலியை அறிந்த சமூகம் நாம். எமது கையாலேயே எமது மலர்களை அந்நிலைக்கு ஆளாக்குவதா?

6. செய்ய வேண்டியது

நான் கேட்பது நிரலற்ற உலகை அன்று. வரைபடம், ஓவியப் பலகை, பலர் ஒருங்கே திருத்தும் ஆவணம் ஆகியவற்றுக்கு உலாவியில் இயங்கும் நிரல் இன்றியமையாதது. ஆனால் எமது தளம் வாசிப்பதற்கானது. அதற்குப் பின்வருவனவற்றை முன்மொழிகிறேன்.

மலரின் ஒவ்வொரு கட்டுரையும் தனக்கென ஒரு முகவரியுடைய முழு எச்.ரி.எம்.எல். ஆவணமாக ஆக்கி வைக்கப்படுக. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பந்திகள் யாவும் முதல் அனுப்புகையிலேயே இருக்க வேண்டும். ஆசிரியர் அடைவும் பொருள் அடைவும் அவ்வாறே முன்கூட்டி ஆக்கப்படுக; தேடும் வசதி அவற்றின் மேல் வரும் கூறாக அமையலாம். அருஞ்சொல் ஒவ்வொன்றும் பக்க இறுதியிலுள்ள பொருளுக்குச் செல்லும் சாதாரண இணைப்பாக எழுதப்படுக. வலைக்கூறு வந்துசேர்ந்தால் சொல்லருகே சிறு பெட்டியில் பொருள் தோன்றட்டும்; வராவிட்டால் இணைப்பு வாசகரை அடிக்குறிப்புக்குக் கொண்டுசெல்லும். நீண்ட குறிப்புகளை மடித்து விரிப்பதற்கு எச்.ரி.எம்.எல்.லிலேயே குறிச்சொல் உண்டு; அதற்கு ஒருவரி நிரலும் வேண்டா. இவற்றின் மொத்த நிரல் ஒரு கட்டுரையின் எழுத்தளவைத் தாண்டலாகாது என்று வரம்பிடுக.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பரீட்சை: தளத்தை வெளியிடுமுன், உறுப்பினர்களிடமுள்ள மிகப் பழைய கைத்தொலைபேசியில், உலாவியின் நிரல் வசதியை நிறுத்திவிட்டு, ஒரு கட்டுரையை முதலிலிருந்து இறுதிவரை வாசித்துப் பார்க்க வேண்டும். வாசிக்க முடிந்தால் வெளியிடலாம். முடியாவிட்டால் தளம் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று பொருள். இப்பரீட்சையை நடத்தக் கணினிப் பட்டம் வேண்டா. கலைப்பீடத்தார் எவரும் நடத்தலாம், நடத்தவும் வேண்டும். தளம் அமைத்த நண்பர்களோடு அருகிருந்து, எழுத்துப்பிழை திருத்துவது முதல் கோப்புகளைப் பரீட்சிப்பது வரை உழைக்க நான் ஆயத்தமாக உள்ளேன். வெளியே நின்று குறைகூறும் உரிமையை மாத்திரம் நான் கேட்கவில்லை.

'போனை மாற்றும்' என்றவருக்கு என் மறுமொழி இதுவே. ஒரு கைத்தொலைபேசியை மாற்றினால் ஒருவர் வாசிப்பார். தளத்தை மாற்றினால் கைத்தொலைபேசியை மாற்ற இயலாத எல்லோரும் வாசிப்பர். இம்மலர்களிற் கட்டுரை எழுதியோருட் பலர் கிராமத்துப் பாடசாலைகளிலிருந்து வந்து, கடன்பட்டுப் படித்து, அடுத்த அணியினர்க்கென்று எழுதி வைத்துச் சென்றவர்கள். அவர்களின் எழுத்து அவர்களின் ஊர்ப் பிள்ளைகளுக்கே திறக்காதாயின், நாம் இணையத்தில் இட்டது எதனை? சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் மேற்கூறிய பரீட்சையைத் தீர்மானமாகக் கொணர்வேன். உடன்படுவோர் வழிமொழிக, மறுப்போர் தம் கைத்தொலைபேசியில் அன்றி என் கைத்தொலைபேசியில் அத்தளத்தைத் திறந்து காட்டிவிட்டு மறுக்குக.